மனு கொடுத்துவிட்டால் கெடு நின்றுவிடுமா? விபத்து இழப்பீடும் பணியிடப் பாகுபாடும்

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 20

"என் அண்ணன் மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறார். 2023 மே மாதம் இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதியதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை மாதமும் சிகிச்சையிலேயே போய்விட்டது. இப்போது உடல் தகுதி இல்லை என்று கூறிப் பணியிலிருந்து விடுவிக்கப்போவதாக நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நிர்வாக இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் மனு அனுப்பியிருக்கிறோம். மனு நிலுவையில் இருக்கும்வரை கெடு ஓடாது என்றும், எப்படியும் மூன்று வருடம் இருக்கிறது என்றும் விவரம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். சரிதானா?"

2024 ஜனவரி 21, காலை

இரண்டுமே சரியல்ல. மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் மட்டும் கெடு நிற்பதில்லை. எல்லா வழக்குக்கும் மூன்று வருடம் என்ற பொதுக் கணக்கும் சட்டத்தில் இல்லை. நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில், வரும் மனுக்களைச் சரிபார்த்துக் கோப்பில் எடுக்கும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன், வழக்கறிஞன் அல்லன். ஆகவே நான் எழுதுவதை, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருட நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம்மில் பலருக்குச் சட்டம் முதலில் அறிமுகமாவது பிராமிசரி நோட்டின் வழியாகத்தான். நோட்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும், அந்தக் கணக்கையே மற்ற எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறார்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 137 இனங்கள் இருக்கின்றன. அவதூறுக்கும் சட்டவிரோத அடைப்புக்கும் நஷ்டஈடு கேட்க ஒரு வருடம், விபத்தில் இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் வழக்குப் போட இரண்டு வருடம், சொத்துரிமையின் பேரில் நிலத்தின் சுவாதீனம் கேட்கப் பன்னிரண்டு வருடம் என்று அவை பலவாறாக இருக்கின்றன. மேலும், உங்கள் அண்ணனுடைய இரண்டு சிக்கல்களுக்கும் இந்த அட்டவணை நேராகப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் இரண்டும் தனித்தனிச் சட்டங்களுக்குள் வருகின்றன.

2024 ஜனவரி 21, மாலை

முதலில் விபத்தைப் பார்ப்போம், அதுதான் அவசரமானது.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவின் கெடு, வருவதும் போவதுமாக இருந்த ஒன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதம் இருந்தது, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ஆறு மாதம் என்றே கூறியது, ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மன்னிப்பும் கிடையாது என்று கதவை இறுக்கியது. நடைமுறையில் அது பெருங்கொடுமையாக இருந்ததால் 1994 நவம்பர் 14 முதல் அந்த உட்பிரிவே நீக்கப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் கெடு என்பதே இல்லை. நான் மேசையில் இருந்த காலத்தில் விபத்து நடந்து ஆறேழு வருடம் கழித்து வந்த மனுக்களுக்கும் எம்.சி.ஓ.பி. எண், அதாவது விபத்து இழப்பீட்டு மனு எண், போட்டிருக்கிறோம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 166(3) பிரிவை மீண்டும் கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்யாவிட்டால் ஏற்கக் கூடாது என்று சொல்கிறது. இது 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இம்முறை தாமதத்தை மன்னிக்கலாம் என்ற வரி ஒன்றுகூட அந்தப் பிரிவில் இல்லை. பழைய காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு "விபத்து வழக்குக்குக் காலவரம்பே கிடையாது" என்று இன்றும் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய சட்டப் புத்தகம் பழையது.

ஆறு மாதம் என்பது விபத்து நடந்த நாளிலிருந்து ஓடுவது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளோ, ஊனச் சான்று கிடைத்த நாளோ, குற்றவியல் வழக்கு முடிந்த நாளோ கணக்கில் வராது. உங்கள் அண்ணனுக்கு அது 2023 நவம்பரில் முடிந்துவிட்டது.

2024 ஜனவரி 22

நேற்றைய குறிப்பை அந்த இடத்தில் நிறுத்தியதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர் மனம் உடைந்து எழுதியிருக்கிறார். முடிந்துவிட்டது என்று நான் சொன்னது நீங்களாகத் தாக்கல் செய்யும் மனுவுக்கு உள்ள காலம் மட்டுமே. அதே 166ஆவது பிரிவின் அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். 159ஆவது பிரிவின்கீழ் காவல்துறை அனுப்பும் விபத்துத் தகவல் அறிக்கையைத் தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாகவே கருத வேண்டும் என்று 166(4) சொல்கிறது. அந்த அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது விசாரணை அதிகாரியின் கடமை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய விதிகள் இதைப் படிப்படியாகப் பிரித்திருக்கின்றன: முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கை 50 நாளுக்குள், விரிவான விபத்து அறிக்கை 90 நாளுக்குள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த நடைமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி நாடு முழுவதற்கும் உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போய், விரிவான விபத்து அறிக்கை எந்தத் தேதியில் எந்தத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தால், உங்கள் மனு காலத்தில் வந்த மனுவே என்று வாதாட வலுவான அடிப்படை இருக்கிறது. அனுப்பவில்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். காவல்துறை தன் கடமையைச் செய்யாததற்குக் காயம்பட்டவர் உரிமை இழக்க வேண்டுமா என்ற வாதத்துக்கு அந்தக் கடிதமே ஆதாரமாகும்.

2024 ஜனவரி 22, இரவு

காவல் நிலையத்தில் "எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை வேறு, விபத்துத் தகவல் அறிக்கை வேறு. மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலும் காயச் சான்றும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்கிவிடுங்கள்.

2024 ஜனவரி 25

இனி வேலை பற்றி.

கேள்வியில் இருப்பது இரக்கம் காட்டும்படி கெஞ்ச வேண்டிய விஷயமே அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20(4) பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை எந்த அரசு அமைப்பும் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. இருக்கும் பணிக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்திலும் பணிப் பயன்களிலும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை ஒரு மிகைப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களும் இந்த வரையறைக்குள் வருகின்றன. விபத்து பணி நேரத்தில் நடந்ததா இல்லையா என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் சட்டம் பேசுவது பணிக்காலத்தைப் பற்றி.

இதற்குக் கெடு என்ன என்பது நீங்கள் எந்த வாசலுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே நிறுவனத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரித்து நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டும் என்கிறது 23ஆவது பிரிவு. மாநில ஆணையரிடமும் முறையிடலாம், அவருடைய பரிந்துரையின் மேல் எடுத்த நடவடிக்கையை நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை (ரிட்) மனுவுக்கு எண்ணிடப்பட்ட கெடு இல்லை என்றாலும், காரணமின்றித் தாமதித்தவரை அந்த நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம். பணிநீக்க உத்தரவே வந்துவிட்டால், அவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரும் பட்சத்தில், தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின்படி சமரச அலுவலரிடம் மனுச் செய்து 45 நாள் கழிந்தபின், நீக்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

விவரம் தெரிந்தவர் சொன்ன மூன்று வருடம் கடைசியில் ஓரிடத்தில் தலைகாட்டிவிட்டது என்று சிரிக்கலாம். ஆனால் அது வேலைக்கு உரியது, காலுக்கு உரியது அல்ல.

2024 ஜனவரி 25, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. இந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று இழுக்கும். இழப்பீட்டு மனுவில் "இனி எந்த வேலையும் செய்ய இயலாதவர்" என்று பொதுவாக எழுதிவிட்டு, நிர்வாகத்துக்கு எழுதும் மனுவில் "மாற்றுப் பணி செய்யத் தகுதியுடையவர்" என்று எழுதினால், இரண்டு தாள்களையும் எதிர்த்தரப்பு அருகருகே வைத்துக் காட்டும். வேலை காப்பாற்றப்பட்டுவிட்டால், வருமான இழப்பு எங்கே என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். இதற்குப் பயந்து எதையும் விட வேண்டியதில்லை. முன்பு செய்த வேலையில் எதைச் செய்ய முடியவில்லை, எதைச் செய்ய முடியும், பதவி உயர்வும் மேலதிக நேரப் படியும் எப்படிப் பாதிக்கப்படும் என்று இரண்டு மனுக்களிலும் ஒரே உண்மையைத் துல்லியமாக எழுத வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வழக்கறிஞர் நடத்தினால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்படி செய்யுங்கள்.

2024 பிப்ரவரி 3

தபால் துறையில் பணிபுரியும் ஒரு நண்பர் இந்த இழையைப் பார்த்துவிட்டுத் தன் கதையை எழுதியிருக்கிறார். 2012இல் தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு பாகுபாடு காரணமாக மறுக்கப்பட்டது என்றும், அன்றிலிருந்து விடாமல் மனு அனுப்பிவருவதாகவும், 2023இல்தான் "பரிசீலிக்க இயலாது" என்று பதில் வந்ததாகவும், ஆகவே அந்தப் பதிலிலிருந்து ஒரு வருடக் கெடு இருக்கிறது அல்லவா என்றும் கேட்கிறார்.

அவர் குறிப்பிடும் ஒரு வருடம் உண்மையானதுதான். 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மேல்முறையீடோ முறையீடோ செய்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம். மனு நிலுவையில் இருக்கும் காலத்துக்குச் சட்டமே ஓர் அளவு வைத்திருக்கும் அரிய இடம் இது, அந்த அளவு ஆறு மாதம்தான், பதினோரு வருடம் அல்ல. திரும்பத் திரும்ப மனு அனுப்புவதால் கெடு நீளாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் கூறிவிட்டது. காலாவதியான கோரிக்கைக்கு அதிகாரி பிற்பாடு ஒரு பதில் எழுதினார் என்பதாலேயே கோரிக்கை உயிர்பெற்றுவிடாது என்று 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது.

ஒப்புகை அட்டைகளைத் தேதிவாரியாக நூல் கோர்த்துக் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தனை அட்டைகளும் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைக் காட்டும், சரியான இடத்துக்கு வந்தார்கள் என்பதைக் காட்டாது. அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுப்பது அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடிக்காத காரியமாக இருந்தது.

2024 பிப்ரவரி 4

தபால் நண்பருக்கு ஓர் இரண்டாம் யோசனை. பதவி உயர்வு மறுப்பு ஒருநாள் நிகழ்ச்சி; அதை இப்போது திறந்தால் பிறருடைய பணிமூப்பும் குலையும் என்பதால் தீர்ப்பாயங்கள் தயங்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஊதியம் தவறாக நிர்ணயிக்கப்பட்டுக் குறைவாகத் தரப்படுகிறது என்றால், அது மாதந்தோறும் புதிதாக நிகழும் தவறு. 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் வழக்கு இந்த வேறுபாட்டை விளக்குகிறது. ஊதியம், ஓய்வூதியம் போன்றவற்றில் தாமதம் தடையாகாது, ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும். உங்கள் குறையில் இந்த வகைப்பட்டது எது என்று பிரித்துப் பாருங்கள்.

2024 மார்ச் 9

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்துச் சகோதரி ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டிருந்தார். பொதுவான பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நமக்குத் தெரிந்த கெடுக்களிலேயே மிகக் குறுகியவற்றில் இது ஒன்று.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். அந்தக் காலத்துக்குள் புகார் தர இயலாத சூழ்நிலை இருந்தது என்று உள்ளகக் குழு கருதினால், காரணத்தை எழுதிவைத்து மேலும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம், அதற்குமேல் முடியாது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். இந்தப் பக்கம் மூன்று மாதம் என்றால் எதிர்ப்பக்கத்துக்கும் கெடுக்கள் உண்டு: 90 நாளுக்குள் விசாரணை, முடிந்த 10 நாளில் அறிக்கை, அறிக்கையின் மேல் 60 நாளில் நடவடிக்கை, மேல்முறையீட்டுக்கு 90 நாள். இவற்றை நிர்வாகம் மீறுவதைச் சகஜமாக எடுத்துக்கொண்டு, புகார் தந்தவர் ஒரு வாரம் தாமதித்தால் மட்டும் கடிகாரத்தைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்று மாதமும் 90 நாளும் ஒன்று அல்ல. மாதம் என்று சட்டம் சொன்னால் அது நாட்காட்டி மாதம். டிசம்பர் 5இல் நடந்த ஒன்றுக்கு மூன்று மாதம் மார்ச் 5இல் முடியும், மூன்று மாதத்தில் எத்தனை நாள் வந்தாலும் சரி. 90 நாள் என்றால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது பொது விதி. ஆனால் நீங்கள் கடைசி நாளை நம்பிக் கணக்குப் போடுகிறீர்கள் என்றாலே ஏதோ சரியில்லை.

2024 மார்ச் 10

"சம்பவம் ஒருமுறை நடந்தாலும் அதன் விளைவு இன்றும் தொடர்கிறது, ஆகவே கெடு இன்னும் தொடங்கவே இல்லை" என்று ஒருவர் வாதிடுகிறார். மனிதாபிமானமாகப் பார்த்தால் அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது. சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. தவறு தொடர்வதையும் தவறின் விளைவு தொடர்வதையும் அது தனித்தனியாக வைக்கிறது. இல்லாவிட்டால் கால் இழந்தவருக்குக் கெடு என்பதே இருக்க முடியாது.

2024 ஏப்ரல் 14

வயிற்றுக்குள் துணி வைத்துத் தைத்துவிட்டார்கள் என்ற வழக்கில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டவருக்கு:

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆவது பிரிவு இரண்டு வருடம் தருகிறது, தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடமளிக்கிறது. தவறு உடனே தெரியக்கூடியதாக இருந்தால் அறுவை சிகிச்சை நாளிலிருந்தும், வெளியில் தெரியாததாக இருந்தால் அது தெரியவந்த அல்லது தெரியவந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் எண்ண வேண்டும். கடைசிச் சொற்றொடரை இரண்டு முறை படியுங்கள். 1993இல் செய்த அறுவைக்குப் பின் வயிற்றுக்குள் துணி இருந்தது 2002இல் வெளிப்பட்டு, 2004இல் தொடுக்கப்பட்ட புகாரை உச்ச நீதிமன்றம் 2010இல் காலங்கடந்தது என்றே முடிவுசெய்தது. அத்தனை ஆண்டுகள் விடாமல் வலி இருந்தும், செவிலியராகவே பணிபுரிந்த அவர் அறுவை செய்த மருத்துவரிடம் போய்ச் சோதிக்கவில்லை என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனாலும் நம்முடைய கணக்கை அதை வைத்தே போட வேண்டும். வலி தீராவிட்டால் எழுத்தில் பதிவு இருக்கும்படி மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 15

"தாமதத்துக்கு ஒரு மனுப் போட்டால் மன்னித்துவிடுவார்கள்" என்ற ஆறுதலைப் பலர் சொல்கிறார்கள். காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உரியது. அசல் வழக்குக்கு அது கிடையவே கிடையாது. ஒருநாள் பிந்தினாலும் வழக்கு போய்விடும். மன்னிப்புக்கு இடமுள்ள இடத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தாராளமாகவே நடந்துகொள்கின்றன. 1987இல் காத்திஜி வழக்கில், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் ஏன் கேட்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே கேட்டது.

தானாகக் கழியும் காலங்களும் உண்டு. அரசின் மீது வழக்குப் போடுமுன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும் என்பதால், அந்த அறிவிப்புக் காலம் கெடுவிலிருந்து கழிக்கப்படும். நல்ல நம்பிக்கையோடு, அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் முனைந்து நடத்திய காலமும் காலவரையறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி கழியும். கவனியுங்கள், நீதிமன்றம் என்றுதான் இருக்கிறது. தனிப்பிரிவும் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் கூட்டமும் அதில் சேராது.

சிறுவர்களுக்குப் பதினெட்டு வயதுவரை கெடு ஓடாது என்பதும் அசல் வழக்குகளுக்கும் நிறைவேற்று மனுக்களுக்கும் சொல்லப்பட்டதே. அதை நம்பிக்கொண்டு குழந்தையின் விபத்து மனுவைத் தள்ளிப்போடாதீர்கள், பாதுகாவலர் மூலம் உடனே போடுங்கள்.

2024 ஜூன் 2

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல். காவல் நிலையம் விரிவான விபத்து அறிக்கையை 2023 செப்டம்பரிலேயே தீர்ப்பாயத்துக்கு அனுப்பியிருக்கிறது. குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனு ஒருமுறை திருப்பப்பட்டு, அந்த அறிக்கையின் விவரத்தைச் சேர்த்து மறுதாக்கல் செய்தபின் எண்ணிடப்பட்டுவிட்டது. நிர்வாகத்தின் கடிதத்துக்கு 20(4) பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பியதில் விடுவிப்பு உத்தரவு வரவில்லை, பண்டகசாலையில் பணி தந்திருக்கிறார்கள். அறிக்கை அனுப்பிய அந்தக் காவலருக்கு, யாரென்று தெரியாவிட்டாலும், ஒரு வணக்கம்.

2024 ஜூன் 3

ரயிலிலிருந்து தவறி விழுந்தவருக்கு ஆறு மாதமா என்று கேட்கிறார்கள். அது வேறு தீர்ப்பாயம், ஒரு வருடம், தக்க காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் உரிமை போகாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

2025 செப்டம்பர் 20

2024 மார்ச் 10 குறிப்பில் தவறு தொடர்வது, விளைவு தொடர்வது என்று எழுதியிருந்ததற்கு, இந்த மாதம் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வந்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை, துணைவேந்தருக்கு எதிராக 2023 டிசம்பரில் பாலியல் துன்புறுத்தல் புகார் தந்தார். கடைசித் துன்புறுத்தல் 2023 ஏப்ரலில் நடந்தது என்றும், அதன் பிறகு எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கைகள் தனியானவை, துன்புறுத்தலின் தொடர்ச்சி அல்ல என்றும் கொண்டு, புகார் ஆறு மாதத்தையும் தாண்டிவிட்டது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆனால் அதோடு விடவில்லை. அந்தத் தீர்ப்பை எதிர்மனுதாரரான துணைவேந்தர் தம் தன்விவரக் குறிப்பில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கெடு தாண்டியதால் விசாரணை நடக்காது, நடந்ததாகச் சொல்லப்பட்டது மறக்கப்படவும் கூடாது என்ற இந்த நடுவழி எனக்குப் புதிது. புகார் பொய்யா மெய்யா என்று விசாரிக்காமலே ஒருவர்மேல் இப்படி ஒரு குறிப்பை ஏற்றலாமா என்ற கேள்வியும் எழுகிறது. நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2025 நவம்பர் 26

இந்த மாதம் இரண்டு மாற்றங்கள். பழைய குறிப்புகளைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, 166(3) பிரிவு செல்லுமா என்பதை விசாரித்துவரும் உச்ச நீதிமன்றம், அது முடியும்வரை விபத்து இழப்பீட்டு மனுக்களை ஆறு மாதக் கெடு தாண்டியது என்ற காரணத்தால் தீர்ப்பாயங்களும் உயர் நீதிமன்றங்களும் தள்ளுபடி செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்திருக்கிறது. கெடு தாண்டியது என்று வீட்டிலேயே முடித்துக்கொண்டவர்கள் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். இடைக்காலம் என்ற சொல்லை மறந்துவிடாமல் பாருங்கள். இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும், கோப்பில் ஏறியிருக்கும் மனுவின் நிலை வீட்டில் கிடக்கும் மனுவின் நிலையைவிட மேலானது.

இரண்டு, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. 2024 ஜனவரியில் நான் எழுதிய 2ஏ பிரிவின் மூன்று வருடம் தொழில் தகராறுகள் சட்டத்துக்கு உரியது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பில் அது இரண்டு வருடம். பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் பழைய கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

2025 டிசம்பர் 14

அண்ணனின் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. வேலை தொடர்வதைக் காரணமாகக் காட்டி வருமான இழப்பைக் குறைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி 90 நாள், போதிய காரணம் இருந்தால் அதன் பின்னும் உயர் நீதிமன்றம் ஏற்கலாம். பிரச்சினையில் உள்ள தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவென்றால் மேல்முறையீடே கிடையாது, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவையான காலம் 90 நாளிலிருந்து கழிக்கப்படும். ஆனால் அது நீங்கள் நகல் மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள்வரைதான். நகலில் ஒரு முத்திரை இருக்கும், அதில் மனு தாக்கலான நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், முத்திரைத்தாள் செலுத்தப்பட்ட நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். முத்திரைத்தாள் கேட்டபின் நீங்கள் அதைச் செலுத்தத் தாமதித்த நாட்களும், நகல் தயாரானபின் வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும். நகல் மனுவை நாளைக்கே போட்டுவிட்டு, அலுவலக அறிவிப்புப் பலகையை ஒருநாள் விட்டு ஒருநாளாவது பார்த்துவரும்படி குமாஸ்தாவிடம் சொல்லிவையுங்கள்.